ஐயாயிரம் வளைவு

வளைக்கும் மெஷின் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பாதி வளைத்த நிலையிலேயே நின்றுவிட்டது.

யுவனேஸ்வரி பச்சைப் பொத்தானை அமுக்கினாள். சிவப்பை அமுக்கினாள். பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினாள். மெஷின் ஏதோ யோசிப்பதுபோல ஒருமுறை முனகியது. பிறகு அந்த முனகலும் இல்லை. மெக்கானிக் ஆ செங் வந்து மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மோட்டார் போய்விட்டது, புதிது வர இரண்டு வாரம் ஆகும் என்று மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு, இறந்தவர் முகத்தை மூடுவதுபோல மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனார்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் இருக்கும் அந்தத் தொழிற்சாலை செய்வது, வெயிலில் காட்டினால் மின்சாரம் தரும் தகடு. கூரைமேல் கண்ணாடி போட்டு வைக்கிறார்களே, அந்த மாதிரி கனமானது அல்ல. பாய்போலச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு மின்கடத்திப் பூச்சு, அதற்கு மேல் கரும்பழுப்பில் இன்னொரு பூச்சு, கடைசியில் ஈரம் புகாமல் நாலு ஓரமும் ஒட்டிய உறை. அவ்வளவுதான். அங்கே தரப் பரிசோதனை யுவனேஸ்வரியின் வேலை. பதினொரு வருடத்தில் ஓர் எண்ணைக்கூட அவள் மாற்றி எழுதியதில்லை. சந்தையில் கோழி வாங்கினால்கூடத் தராசை இரண்டு முறை பார்க்கிறவள்.

விஷயம் மேனேஜர் நாராயணன் காதுக்குப் போனதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை காலைல சிங்கப்பூர்லேருந்து ஆளுங்க வர்றாங்க, யுவனேஸ்வரி. மெயில்ல தெளிவா போட்டிருக்காங்க. வளைச்சுக் காட்டணும். ஐயாயிரம்."

"ஐயாயிரம் தடவையா? வழக்கமா ஆயிரம்தானே சார் பண்ணுவோம்?"

"கஸ்டமர் கேட்டா செய்யணும் லா. எத்தனை துண்டு வாங்குவாங்கன்னுகூட அதுல ஒரு வார்த்தை இல்ல. ஐயாயிரம்னு மட்டும் கொட்டை எழுத்துல போட்டிருக்கு. எவ்வளவு கவனமான ஆளுங்க, பாரு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஆர்டர் வரலேன்னா நம்ம லைனை மூடிருவாங்க. இருபத்திரண்டு பேர். நீ, நான், ஆ செங், எல்லாருந்தான்."

சோதனைக்காக ஆறு துண்டுகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ரூலர் நீளம், உள்ளங்கை அகலம். மூன்று பழைய முறையில் செய்தவை. அவற்றின் மின்கடத்திப் பூச்சு இண்டியம் என்ற உலோகம் கலந்தது. நன்றாக வேலை செய்யும், ஆனால் குணம் அப்பளத்தின் குணம். வளைக்க வளைக்க உள்ளுக்குள்ளேயே நொறுங்கும். மற்ற மூன்றில் அந்தப் பூச்சுக்குப் பதிலாகத் தலைமுடியைவிட மெல்லிய வெள்ளி இழைகளைத் தூவியிருந்தார்கள். இது நொறுங்காது என்பது தொழிற்சாலையின் நம்பிக்கை. பழையது கெட்டுப்போய்ப் புதியது தாங்கினால் ஆர்டர் கையில் வந்த மாதிரி. பார்வைக்கு இரண்டு வகையும் இரட்டைப் பிள்ளைகள். மார்க்கர் பேனாவால் பழையதில் ஏ என்றும் புதியதில் பி என்றும் எழுதியிருந்ததுதான் வித்தியாசம். புதிதாக ஒரு துண்டு செய்ய ஒரு வாரம் ஆகும்.

"மெஷின் இல்லாட்டி என்ன?" என்றார் நாராயணன். "கையால வளை."

"ஆறு துண்டு சார். முப்பதாயிரம் தடவ."

"ரெண்டு நாள் இருக்குல்ல? வீட்டுல வச்சு வளை. இங்க உக்காந்து வளைச்சா மத்த லைன்காரன்லாம் சிரிப்பான்."

இப்படியாக ஆறு துண்டுகளும் ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு சுற்றப்பட்டு, யுவனேஸ்வரியின் மடியில் உட்கார்ந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வேலை ஆரம்பமானது. மெஷினில் துண்டு ஓர் உருளையைச் சுற்றி வளையும். யுவனேஸ்வரி அடுப்படியில் அளவுகோலோடு தேடி, அதே பருமனில் கண்டுபிடித்தது சப்பாத்திக் கட்டை. கையுறை மாட்டிக்கொண்டு, கட்டையின் மேல் துண்டை வைத்து வளைத்தாள், நிமிர்த்தினாள். ஒன்று. வளைத்தாள், நிமிர்த்தினாள். இரண்டு.

அறுநூற்றுப் பதினான்கில் மாமியார் காளியம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"சம்பாலுக்கு மொளகா எத்தன போடட்டும்?"

"இருபது, அத்தை. இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு..."

முப்பத்தைந்துக்கு வந்த பிறகுதான் தன் தவறு அவளுக்கு உறைத்தது. அறுநூறு போயே போய்விட்டது. பதினொரு வருடப் பழக்கம், குத்துமதிப்பாக எழுத அவளை விடவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்துக் காளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் எண்ணிக்கைப் பிரிவில் இருந்தவர். எண்ணுவதில் மட்டும் அவரிடம் யாரும் வாயைத் திறக்க முடியாது.

"நூறுக்கு ஒரு மொளகாய ஒதுக்கி வச்சா முடிஞ்சிச்சி. இதுக்கா டிகிரி படிச்ச? கொண்டா ஒண்ண."

"வளைக்கலாம், மடிக்கக் கூடாது அத்தை. கையுறை போட்டுக்குங்க. உள்ள ஈயம் இருக்கு."

"எங்கிட்டயே கையுறையப் பத்திச் சொல்றா."

மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருவரிடம் சப்பாத்திக் கட்டை, இன்னொருவரிடம் அதே பருமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய். டிவியில் நாடகம் ஓடியது. மிளகாய்கள் வரிசையாக நின்றன. திருமணமாகி ஒன்பது வருடத்தில் இருவரும் இவ்வளவு நேரம் சண்டையில்லாமல் ஒரே அறையில் இருந்தது இதுவே முதல்முறை. இருவருமே எண்ணிக்கொண்டிருந்ததால் பேச முடியவில்லை.

பதினொரு மணிக்கு இருவருக்கும் மணிக்கட்டு விட்டுப்போனது.

காளியம்மா தைலம் கொண்டுவந்தார். தன் கைக்குத் தடவினார், மருமகள் கைக்கும் தாராளமாகத் தடவினார். கையுறைக்குள் கை வழுக்கியதால் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வளைத்தார்கள். வலி உடனே குறைந்தது. வேகம் கூடியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நாலு துண்டு பாதிக்கு வந்திருந்தது. யுவனேஸ்வரிக்கு மாமியார்மேல் மரியாதையே வந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்து, பெருமையோடு டின்னைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அலமாக்! அத்தை, எழுத்தைக் காணோம்!"

"எந்த எழுத்து?"

"ஏ, பி! ஒண்ணுலயும் இல்ல!"

தைலத் துணியால் பிடித்ததில் நாலு துண்டின் எழுத்து போயிருந்தது. மிச்சமிருந்த இரண்டையும் பார்க்க அழுக்காகத் தெரிகிறதே என்று அதே துணியால் காளியம்மா துடைத்து வைத்திருந்தார். ஆறு துண்டும் இப்போது பளபளவென்று, பெயர் இல்லாமல், தைல வாசனையோடு கிடந்தன.

யுவனேஸ்வரி கணவனுக்குப் போன் செய்தாள். ரூபேந்திரன் ஏர்கண்டிஷன் ரிப்பேர் செய்பவன். எந்தப் பிரச்சினையையும் மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவன் சித்தாந்தம். அரை மணி நேரத்தில் மீட்டரோடு வந்துவிட்டான்.

"இவ்வளவுதானே? வெயில்ல வச்சுக் கரண்டு பாப்போம். எது கம்மியோ அது பழசு."

வீட்டு வாசலில் அவன் காரின் முன்மூடிமேல் ஆறு துண்டுகளையும் வரிசையாகப் பரப்பினார்கள். மீட்டரை வைத்தான். ஆறும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டின.

"என்னடி இது? எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"இன்னும் முழுசா வளைக்கலல்ல. பாதிதான முடிஞ்சிருக்கு."

"அப்ப மிச்சத்தையும் வளைப்போம். கடைசில எது கெட்டுப்போகுதோ அதுக்கு 'ஏ'ன்னு எழுது. எது தாங்குதோ அதுக்கு 'பி'ன்னு எழுது. முடிஞ்சிச்சி."

யுவனேஸ்வரி அவனையே பார்த்தாள். "கெட்டதெல்லாம் பழசு, நல்லதெல்லாம் புதுசுன்னு நாமளே பேர் வச்சிட்டு, புதுசுதான் நல்லதுன்னு ரிப்போர்ட் எழுதச் சொல்றீங்க. அப்ப எதுக்கு டெஸ்ட்டு?"

"அதான் கேக்குறேன். எதுக்கு?"

 அவள் யோசிப்பதற்குள் மழை வந்துவிட்டது. தெப்ராவ் மழை முன்னறிவிப்போடு வருவதில்லை. மூவரும் ஆளுக்கு இரண்டாக, வரிசை கலையாமல் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

ஈரம் உள்ளே போகாது, நாலு ஓரமும் உறை ஒட்டியிருக்கிறது என்று யுவனேஸ்வரி தைரியம் சொன்னாள். அப்போது காளியம்மா ஒன்றும் பேசவில்லை. வியாழக்கிழமை காலை டின்னைத் திறந்தபோதுதான் பேசினார். ஆறில் ஒரு துண்டு, ஒரு பக்கத்திலிருந்து பாதிவரை, மஞ்சள் பூசிய மாதிரி மஞ்சளாக இருந்தது.

"அதோட ஓரம் கைய அறுத்துச்சி. அதான் ஒரு ஓரத்த மட்டும் கத்திரில லேசா..."

"வெட்டிட்டீங்களா?"

"நேரா அழகாத்தான் வெட்டுனேன். வேணும்னா ரூலர் வச்சுப் பாரு."

ஒட்டிய ஓரம் போனதும் மழையீரம் உள்ளே புகுந்து, கரும்பழுப்புப் பூச்சு செத்துப்போய்விட்டது. யுவனேஸ்வரி முதலில் மாமியாரைச் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவ வைத்தாள். கத்திரிக்கோலையும் வெட்டிய துணுக்கையும் மஞ்சள் துண்டையும் தனிப் பையில் போட்டுக் கட்டினாள். அதன் பிறகு குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு நிமிடம் அழுதாள். இருபத்திரண்டு பேர். ஆ செங்குக்குக் கடைசிப் பெண் இப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். ரூபேந்திரன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மூன்று பேரும் மிளகாய் வரிசையோடு வளைத்தார்கள். மாலை நாலு மணிக்கு மிச்சமிருந்த ஐந்து துண்டும் ஐயாயிரத்தைத் தொட்டன. வெயில் இருந்தது. மீட்டரை வைத்தார்கள்.

ஒரு துண்டில் கரண்டு பாதியாக இறங்கியிருந்தது. மற்ற நாலும் புதுப்பெண் மாதிரி அப்படியே இருந்தன.

நாராயணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். 

"மூணு கெட்டுருக்கணும், மூணு நல்லாருக்கணும்," என்றார் அவர். "உங்கிட்ட ரெண்டு கெட்டது, நாலு நல்லது. ஒண்ணுதானே இடிக்குது?"

"ஒண்ணு இல்ல சார். அந்த மஞ்சளு பழசா புதுசான்னே தெரியாது. அது புதுசா இருந்தா இந்த நாலுல ரெண்டு பழசு."

"அதெல்லாம் சிக்கலாக்காத. இன்னொண்ண எப்படியாவது கெடுத்துரு. மூணு மூணுன்னு ரிப்போர்ட் போட்டுரு."

போனில் காதை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ரூபேந்திரனுக்கு இது மிகத் தெளிவான உத்தரவாகப் பட்டது. நாலில் ஒன்றை எடுத்துக் கட்டையில் வைத்து மாங்கு மாங்கென்று வளைத்தான். ஆறாயிரம். மீட்டர் அசையவில்லை. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். ஆறாயிரத்து ஐந்நூறு. அதுவும் அசையவில்லை. மூன்றாவதைக் காளியம்மா வாங்கிக்கொண்டார். இரண்டு நாளாகப் பூப்போல வளைத்த பொருளை இப்போது தாயும் மகனும் பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்தார்கள்.

"சாக மாட்டேங்குதுடி," என்றான் ரூபேந்திரன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "அநியாயத்துக்கு நல்லாச் செஞ்சிருக்கீங்க."

யுவனேஸ்வரி எழுந்து வந்து அவன் கையிலிருந்து துண்டை வாங்கினாள்.

"போதும்ங்க. விடுங்க."

"ரிப்போர்ட்டு?"

"நடந்தத எழுதுறேன்."

"வேல போயிரும், யுவா."

"தெரியும்."

காளியம்மா மிளகாய்களை அள்ளி டப்பாவில் போட்டார். பிறகு, "ரெண்டாவது துண்டுல நாலாயிரத்துல எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சி. நூறு விட்டுப் போச்சோன்னு நூறு கூடவே வளைச்சேன். அதையும் எழுதிக்க," என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டிய சிங்கப்பூர் ஆட்கள் பாலத்தில் நெரிசலில் மாட்டி, பதினொன்றரைக்கு வந்தார்கள். இரண்டே பேர். மேடம் லிம் என்ற குள்ளமான அம்மாள், அவரோடு பையைத் தூக்கிக்கொண்டு விஜயன் என்ற ஐம்பது வயது டெக்னீஷியன். நாராயணன் இருவருக்கும் கறிபஃப்பும் தேநீரும் கொடுத்துவிட்டு, திரையில் வண்ணப் படம் போட்டார். மூன்று சிவப்புக் கோடு கீழே விழுந்தது. மூன்று பச்சைக் கோடு நேராக நின்றது. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அப்படி ஒரு படத்தை யுவனேஸ்வரி வரையவில்லை.

"ஐயாயிரம் வளைவு!" என்று ஆங்கிலத்தில் முழங்கினார் நாராயணன்.

மேடம் லிம் தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, கோபமும் இல்லை. ஏதோ புரியாத பாஷையில் பெயர்ப்பலகை படிப்பவர் மாதிரி இருந்தார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் யுவனேஸ்வரிக்குத் தாங்கவில்லை. சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. எழுந்து நின்றாள். 

"மேடம், அந்தப் படம் சரியில்லை," என்று ஆரம்பித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். மோட்டார் போனது, சப்பாத்திக் கட்டை, மிளகாய், தைலம், போன எழுத்து, வெட்டிய ஓரம், மழை, மஞ்சள். எது பழையது எது புதியது என்று தனக்குத் தெரியாது, ஐந்து துண்டு ஐயாயிரம் தாண்டியது மட்டும் உண்மை, அதில் நாலு இன்னும் நன்றாக இருக்கிறது, இரண்டாவது துண்டில் நூறு கூட இருக்கலாம் என்பதுவரை சொன்னாள். சாட்சிக்காகக் கட்டையையும் கொண்டுவந்திருந்தாள். அதை மேசைமேல் வைத்தாள்.

 நாராயணன் கையிலிருந்த கறிபஃப் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றிருந்தது.

மேடம் லிம் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் ஐயாயிரமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றாள் யுவனேஸ்வரி. "ஒவ்வொரு துண்டும்?" ஆமாம். மேடம் லிம் கட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். ஒரு போன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ பேசுவது தெரிந்தது.

நாராயணன் தமிழுக்கு மாறினார். "திருப்தியா? இருபத்திரண்டு பேர் பொழைப்ப வாயால கெடுத்திட்ட. அவங்க போன்ல கேன்சல் பண்றாங்க, பாத்தியா? ஒரு படம், ஒரே ஒரு படம், பேசாம உக்காந்திருந்தா என்ன?"

"தப்பா எழுதி வித்துட்டு, அப்புறம் அவங்க போடற எடத்துல கெட்டுப்போனா சார்? என் கையெழுத்துதான அதுல இருக்கும்?"

"கையெழுத்து! கையெழுத்த வச்சு மக்கான் பண்ணு, அதையே தின்னு, போ."

 அவள் கட்டையை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனாள். கண்ணீர் மறைத்தது, பையின் வாய் எங்கே என்று தெரியவில்லை.

அதுவரை மூலையில் உட்கார்ந்து இரண்டாவது கறிபஃப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த விஜயன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். துண்டுகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, தப்பா நெனைக்காத. மேடத்துக்கும் இதான் வெளங்கல, ஆபீசுக்கு அடிச்சுக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. எதுக்கும்மா இத்தன தடவ வளைச்சீங்க?"

யுவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானேண்ணே மெயில்ல ஐயாயிரம்னு போட்டீங்க?"

"ஐயாயிரம் துண்டு வேணும்னு போட்டோம்மா," என்றார் விஜயன். "வளைக்கிறது ஒரே ஒரு தடவதான், லாம்பு போஸ்ட்ல சுத்தி ஒட்டுறப்ப."